அம்மாள் என்று நாங்கள் சொன்னது

அனுப்புநர்:
திருமதி சுபத்திரா தவராசா,
குளத்தடி வீதி,
இலுப்பைக்கடவை, மன்னார்.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
நோயாளர் முறையீட்டுப் பிரிவு,
மன்னார்.

விடயம்: குளிசையால் தோல் உரிந்து இறந்த என் மகன் கிருஷாந்தன் பற்றிய விளக்கத்திலிருந்து ஒரு சொல்லை நீக்குதலும், என் மகள் அபிசாவுக்குக் குளிசை தொடங்குமுன் மரபணு இரத்தப் பரிசோதனை செய்வித்தலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. என் முதல் முறைப்பாட்டுக்கு வைத்தியசாலை தந்த விளக்கத்தை எனக்கு அனுப்பிவைத்தீர்கள். நன்றி. அதில் "பெற்றோரின் மூடநம்பிக்கையால் ஏற்பட்ட தாமதம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை வாசித்த நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் நான் சாகமாட்டேன் ஐயா.

2. மகனுக்குப் பதினேழு வயது. வலிப்பு வந்ததால் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். குளிசை எழுதுமுன் வைத்தியர், "குடும்பத்தில ஆருக்கும் மருந்து ஒவ்வாமை இருக்கோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா" என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். பிறகு அவர், "இதை ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாது, விளங்குதோ அம்மா?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

3. குளிசை தொடங்கி மூன்றாம் கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, உதடு வெடித்தது, நெஞ்சிலே கொப்புளம் போட்டது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே பெயர்தான். அம்மை என்று சொல்லாமல், அம்மாள் வந்திருக்கிறா என்போம். வாசல் படலையில் வேப்பிலை கட்டினோம். மீனை நிறுத்தினோம், தாளிப்பை நிறுத்தினோம். குளிசையை மட்டும் நிறுத்தவில்லை. வாய் புண்ணாகி விழுங்க முடியாத பிள்ளைக்கு அதைத் தூளாக்கி இளநீரில் கரைத்துப் பருக்கினேன். நாங்கள் கண்மூடித்தனமாக நம்பியது அம்மாளையா, வைத்தியரையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

4. அந்த நாட்களில் உங்கள் திணைக்களத்துக் குடும்பநல உத்தியோகத்தர் டிலோஜினியும் எங்கள் படலைக்கு வந்தார். வேப்பிலையைக் கண்டதும், "அம்மாள் வந்த வீடு, பிறகு வாறன் அக்கா" என்று சைக்கிளைத் திருப்பினார். நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் படித்த அவருக்கும் அது அம்மாளாகத்தான் தெரிந்தது.

5. பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேப்பிலையும் மஞ்சளும் அவித்துக்கொண்டு போனேன். முதுகைத் துடைத்த துணியோடு தோல் கழன்று வந்தது. ஐயோ, அதை எந்தத் தாயும் காணக் கூடாது. அப்போதுதான் இது அம்மாள் இல்லையென்று அறிந்தோம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கட்டிலில் கிடந்து அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "அம்மா, என்னைத் தொடாதேங்கோ." நான் தொடவில்லை.

6. இறுதிக் கிரியைகள் முடிந்தபின் பெரியாஸ்பத்திரித் தோல் வைத்தியர் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். சிலருக்குப் பரம்பரையில் வரும் மரபணு ஒன்று இருக்குமாம். அப்படியானவர்கள் இந்தக் குளிசையைக் குடித்தால், எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்கு, உடம்பே தன் தோலைச் சுட்டுவிடுமாம். குளிசை தொடங்குமுன் இரத்தத்தில் அதைப் பார்க்கலாமாம். "உங்கட பக்கத்தில ஆரும் மருந்து குடிக்கேக்க அம்மாள் வந்து செத்தவையோ?" என்று அவர் கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. என் தாயின் தம்பி, ஏரம்பு அம்மான். முகத்து நரம்பு வலிக்குக் குளிசை தொடங்கி ஒரு மாதத்துக்குள் அம்மாள் வந்து போனவர். அவருடைய பழைய மருந்துத் துண்டைத் தேடிப் பார்த்தோம். அதே குளிசை. அம்மான் செத்தது ஒவ்வாமையால் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாள் கொண்டுபோய்விட்டா என்றுதான் சொன்னோம். கிளினிக் வைத்தியர் என்னிடம் அந்தச் சொல்லால் கேட்டிருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான்.

7. இப்போது என் மகள் அபிசாவுக்கும் வலிப்பு வந்திருக்கிறது. பன்னிரண்டு வயது. கிணற்றுக்கட்டில் விழுந்து நெற்றி வெடித்தது. கிளினிக்கில் வேறு பெயரில் ஒரு குளிசை தந்தார்கள். அதுவும் சிலருக்கு இதே வேலையைச் செய்யும் என்று தோல் வைத்தியர் முன்பே எச்சரித்திருந்தார். அதைச் சொல்லிப் பரிசோதனை கேட்டேன். இங்கே அப்படி ஒன்றும் இல்லை, தேவையுமில்லை என்றார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. குளிசைப் பை பிரிக்காமல் சாமித்தட்டில் கிடக்கிறது. கொடுத்தால் அண்ணன் போன வழியே போவாளோ என்று பயம். கொடுக்காவிட்டால் எந்த நேரம் கிணற்றுக்குள் விழுவாளோ என்று பயம். அவள் பின்னாலேயே திரிகிறேன்.

8. ஆகவே, அபிசாவின் இரத்தத்தை உரிய இடத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும், முடிவு வரும்வரை அவளுக்கு ஆபத்தில்லாத மருந்து எதுவென்று நிபுணர் ஒருவரைக் கொண்டு எழுதித் தரவும் விரைந்து உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். கிளினிக்குகளில் "ஒவ்வாமை இருக்கோ?" என்பதோடு நில்லாமல், "மருந்து குடிக்கிற காலத்தில ஆருக்கும் அம்மாள் வந்ததோ?" என்றும் கேட்கச் செய்யுங்கள். மூடநம்பிக்கை என்ற சொல்லை என் மகனின் பெயருக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

9. அன்று கிளினிக்கில் நான் சொன்ன பதிலை இம்மனு மூலம் திருத்திக்கொள்கிறேன். மகளின் கிளினிக் கோவையில் இதைச் சேர்த்துவிடுங்கள். ஓம் ஐயா, எங்கள் குடும்பத்தில் இருக்கிறது.

இங்ஙனம்,
பதிலை எதிர்பார்த்திருக்கும் தாய்,
(ஒப்பம்) சு. தவராசா

இடம்: இலுப்பைக்கடவை
திகதி: 14.07.2025