ஓம டப்பா பொய் சொன்ன வருஷம்

அக்கா,

இன்றைக்கு நம் கம்பெனி கேன்டீனில் ஓமப்பொடி பிழிந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். நெஞ்சு வலி உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.

இரண்டாவது அலையில் ஊரே மூச்சுக்குத் தவித்தபோது, வாசனை போனால் கொரோனா என்பது ஒன்றுதான் நமக்குத் தெரிந்தது. படப்பையில் கம்பெனி வேன் வந்து நின்றால், ஏறும் இடத்தில் நீ ஓம டப்பாவோடு நிற்பாய். யாரும் உன்னை நிற்கச் சொல்லவில்லை. மோந்து பார்க்க ஆளுக்கு ஒரு சிட்டிகை. அந்த ஓமத்தை மணிமங்கலத்துக் கடையில்தான் வாங்குவாய். அந்தக் கடைக்காரர் நூறு கிராம் நிறுப்பதற்குள் மாமியார் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லிவிடுவார். அது கிடக்கட்டும்.

"வருதா?" என்பாய். ஒரு நாள் அசெம்பிளி லைன் பெண் ஒருத்தி, "வரலக்கா" என்றாள்.

"எறங்குடி. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

டெஸ்டில் அவளுக்கு இருந்தது. அன்றிலிருந்து நமக்கு டாக்டரைவிட டப்பா பெரிசு.

அடுத்த பொங்கல் சமயம், கிருமி வேறு மாதிரி மாறி வந்திருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். டப்பா இருக்கிறதே என்று நாம் கவலைப்படவில்லை. என் மகளுக்கு அப்போது நிறைமாசம். நீயும் நானும் தினமும் ஒரே சீட்டு. அன்று காலையில் நீ இரண்டு தடவை செருமினாய்.

"இன்னாக்கா, தொண்டையா?"

"பனிடி. ஓமம் கம்முனு வருது."

வேன் கொஞ்ச தூரம் போயிருக்கும். பின் சீட்டுப் பெண் சொன்னாள்: "எங்க லைன்ல ரெண்டு பேருக்குப் பாசிட்டிவ். வாசனை எல்லாம் நல்லாதான் வந்துதாம். வெறும் தொண்டை வலிதானாம்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னாய். டிரைவர் சிரித்தான். "உன் டப்பாவே உனக்குப் பாஸ் போட்டுச்சேக்கா?"

"டப்பா போன வருஷத்துலயே நின்னுகினு கீதுப்பா. கிருமி மாறிகினு பூடுச்சு. நான்தான் உங்களை ஏமாத்திட்டேன்."

பண்டிகை நேரத்தில் லீவு போட்டால் கான்ட்ராக்ட் ஆட்களின் பேரை அடித்துவிடுவார்கள் என்ற பயம் நம் எல்லோருக்கும் இருந்தது. அத்தனை பேர் எதிரில் இறங்கி நின்று என்னையும் கூப்பிட்டாய்.

"நீயும் எறங்கு. வூட்டுக்குள்ள போவாத. பொண்ணு புள்ளத்தாச்சி."

டெஸ்டில் உனக்குப் பாசிட்டிவ் என்று வந்தது, எனக்கு இல்லை என்று வந்தது. ஆனாலும் உன் பேச்சைக் கேட்டு, தம்பி பாதி கட்டி நிறுத்தியிருந்த வீட்டில் போய்ப் படுத்தேன். மூன்றாம் நாள் எனக்கும் தொண்டை கட்டிக் காய்ச்சல் அடித்தது. இரண்டு ஊசியும் போட்டிருந்தோம், இரண்டு பேரும் கஞ்சி குடித்தே எழுந்துவிட்டோம். என் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த மாசமே பேத்தி பிறந்தாள்.

இங்கே மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்துத்தான் எடுத்தாள்.

போன வாரம் மறுபடி புதுசாக ஒன்று பரவுகிறது என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தேன். "சிஸ்டர், இந்தத் தடவை அது எப்படிக் காட்டும்?" என்று கேட்டேன். வாசனை வந்தாலும் தொண்டை கரகரத்தாலே மாஸ்க் போட வேண்டும், காற்று வர ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னதை மறுநாள் வேனில் எல்லோருக்கும் சொன்னேன்.

அதே பின் சீட்டுப் பெண் கேலியாகக் கேட்டாள்: "யக்கா, அப்போ நீங்க ரெண்டு பேரும் வாசனை வந்தா ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?"

முன்பென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

"ஆமாம்மா. அது அப்போ வந்தது. நாளைக்கு இன்னொண்ணு வந்தா, திரும்பப் போயி கேட்டுகினு வந்து சொல்றேன்."

அவள் தாடையில் தொங்கிய மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.