விழுந்த பிறகு என்னோடு பேசிய அத்தைக்கு

அத்தை,

இன்று காலை எதிர்வீட்டில் இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். வேலைக்குக் கிளம்பிய நான் சப்பாத்தைக் காலில் மாட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது இப்போது எலும்பு முறிவு வார்டின் வாசம்.

உங்கள் மகள் என்னைக் காதலித்துக் கட்டிக்கொண்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை. மாமா போன பிறகு தம்போயில் எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்தீர்கள். ஆனாலும் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பக்கத்தில் நின்றாலும், "அவர சாப்பிட சொல்லு" என்று மகளிடம்தான் சொல்வீர்கள். அவளோ விடிவதற்கு முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவாள். பகலில் வீட்டில் நீங்கள். பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து மதியம் சாப்பிட வரும் நான். பேச்சே இருக்காது.

அப்படி ஒரு மதியம்தான் குளியலறைத் தரையில் கிடந்தீர்கள். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அந்த வலியிலும், என்னைப் பார்த்ததும் கைலியைத்தான் முதலில் இழுத்துவிட்டீர்கள்.

வார்டில் கட்டில்கள் நிறைந்து நடைபாதை வரை வந்திருந்தன. படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் உங்களைப் போல் விழுந்த வயதான பெண்கள். "குளியலறையா, படியா?" என்றுதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டீர்கள். இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் என்று காலையிலிருந்து பட்டினி போடுவார்கள். சாயங்காலம் நர்ஸ் மிஸ்ஸி வந்து, "இன்னிக்கி இல்லண்ணே. அக்சிடென்ட் கேஸ் நெறைய வந்துருச்சு. அம்மாவுக்கு சாப்பிட குடுங்க" என்பார். மறுநாளும் அதே கதை. அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று டாக்டர் சொன்னதுதான் எனக்குப் பயம்.

ஆறிப்போன இஞ்சிக் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தபோது, "உங்களுக்கு வேல இல்லயா?" என்று கேட்டீர்கள். என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"லீவு சொல்லிட்டேன் அத்தை."

"பொழப்பு போயிரும் லா" என்றீர்கள். பிறகு வாயைத் திறந்தீர்கள்.

ஒருவழியாக ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தோம். பகலில் நான்தான் உங்களைச் சுத்தம் செய்யவேண்டும். அப்போதெல்லாம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுவீர்கள். நானும் சுவரைப் பார்த்தபடியே வேலையை முடிப்பேன். மெல்ல மெல்ல வாக்கரைப் பிடித்து நிற்கத் தொடங்கினீர்கள். கேட் வரை நடந்த அன்று மகளுக்கு நீங்களே போன் போட்டு, "உன் புருஷன் என்னைய நடக்க வச்சே கொல்றாரு" என்று சிரித்தீர்கள். பிழைத்துக்கொண்டீர்கள் என்று நம்பினேன்.

அடுத்த வாரமே காய்ச்சல் வந்தது. டாக்டர் சொன்ன அதே சளி. மறுபடியும் ஆஸ்பத்திரி. மூச்சு இழுத்த அந்த மாலையில், மகளைச் சீக்கிரம் வரச்சொல்லுங்கள் என்றார்கள். பாலத்தில் நெரிசல். அவள் பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அவ வந்துட்டாளா?" கண் திறக்காமல் கேட்டீர்கள்.

"வந்துட்டா அத்தை" என்று பொய் சொன்னேன்.

கையை நீட்டினீர்கள். வேறு வழி தெரியாமல் என் கையை அதில் வைத்தேன். உங்கள் கட்டைவிரல் ஸ்பானர் பிடித்து என் உள்ளங்கையில் காய்த்துப்போன இடத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தது.

"பரவால்ல" என்றீர்கள். "நீயே இரு."

அவள் வந்து சேர்ந்தபோது உங்கள் கை குளிர்ந்துவிட்டிருந்தது.

அம்மா கடைசியில் என்ன சொன்னார்கள் என்று அவள் இன்னும் கேட்கிறாள். "உன்னத்தான் கேட்டாங்க" என்கிறேன். அது உண்மைதான். மீதியைச் சொன்னதில்லை. சொன்னால், அன்றைக்குத் தாண்ட முடியாத பாலத்தில் அவள் மறுபடியும் ஓடுவாள்.

என் அம்மா போன பிறகு வீட்டில் என்னை நீ என்று கூப்பிட ஆளில்லை, அத்தை. நீங்கள் ஒருமுறை கூப்பிட்டீர்கள். அது என்னிடமே இருக்கட்டும்.