சிங்கத்துக்கு எந்த இடம்

உன் மகள் செல்வி நேற்று மத்தியானம் வந்து என் மடியில் ஒரு பெட்டியை வைத்தாள். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து இரண்டு ஒயர், ஒயரின் முனையில் பழைய மாதிரியே இரண்டு கட்டை. சிவப்புப் பொத்தான் இரண்டு, கறுப்பில் ஒரு கூட்டல் குறி. புது பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை மாதம் கழித்தும் எனக்கு வேலை வைக்கிறாயே என்று.

"சித்தி, இதுல அறநூறு கேம் இருக்கு. பழைய கேம்தான் எல்லாம். அம்மாக்குப் பிடிச்சது எதுன்னு நம்பர் போட்டு ஒரு லிஸ்ட் குடுங்க. அப்பா ஆடணுமாம்" என்றாள்.

"யாரு, உங்கப்பாவா? அண்ணாச்சி தாயக்கட்டை உருட்டியே நான் பாத்ததில்லை."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா தூங்கறதே இல்ல சித்தி. டாக்டர் மாத்திரை குடுத்தும் தூங்கல. 'உங்கம்மா இந்த வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூட மத்தியானம் கண்ணசரல, நான் அவளைப் பிழிஞ்சு எடுத்துட்டேன்'னு அதையே சொல்லிட்டு இருக்காங்க. நான் சான்பாடாவுல எங்க வீட்டுக்கு வாங்கன்னா வர மாட்டேங்கறாங்க. நேத்து திடீர்னு, 'உங்கம்மா மத்தியானம் என்னமோ டிவியில வெளையாடுவாளே, அது என்ன'ன்னு கேட்டாங்க. உடனே ஆன்லைன்ல இதை வாங்கிட்டேன்."

பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய ஆட்டப்பெட்டி நினைவுக்கு வந்தது, செல்வி சின்னவளாக இருந்தபோது அவளுக்காக வாங்கியது. அவள் ரெண்டு மாதத்தில் சலித்துத் தூக்கிப் போட்டாள். ஆண்கள் தையல் பட்டறைக்கும் பிள்ளைகள் ஸ்கூலுக்கும் போன பிறகு அதை எடுத்து ஒயர் மாட்டியவள் நீ. நாலாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடியில் என் வீட்டுக்குக் குரல் கொடுத்து என்னை ஏற வைத்தவளும் நீதான்.

முதல் சிக்கல் பெயர். அறுநூறு ஆட்டத்துக்கும் இங்கிலீஷில் பெயர் ஓடுகிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷே அந்தப் பெட்டி சொல்லித் தந்ததுதான். ஸ்டார்ட், செலக்ட், கேம் ஓவர். அந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு ரேஷன் கார்டு வாசித்தேன், ரயில் போர்டு வாசித்தேன். ஆனால் ஆட்டங்களுக்கு நாம் வைத்த பெயர் வேறு. கருடன், செங்கல், வாத்து, சர்க்கஸ். இதை எந்தக் கடைக்காரனிடம் போய்க் கேட்பது? நீ இருந்திருந்தால் ஆளுக்குப் பாதி தேடியிருக்கலாம். நீ இல்லாததால் செல்வி ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள், நான் தலையாட்டினேன். சாயங்காலம் விளக்கேற்ற நேரமாகிவிட்டது.

இரண்டாவது சிக்கல் நீ. அவள் கேட்டது உன் வரிசை. உட்கார்ந்து நான் எழுதியது என் வரிசை. பின்னே? மளிகைக் கணக்கு, பால் கணக்கு, விளக்கு பூஜைக் கணக்கு என்று எதையும் நேராக எழுதிப் பழகியவள் உன்னுடைய அந்த வரிசையை எப்படிக் கை கூசாமல் எழுதுவாள்?

முதல் இடம் கருடனுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சுற்றிச் செங்கல் அடுக்கி நடுவில் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கும் பறவை. மேலேயிருந்து டாங்கிகள் வரும். நமக்கு ஆளுக்கொரு டாங்கி, உனக்கு மஞ்சள், எனக்குப் பச்சை. முதல் நாளே சொன்னேன், இது கருடன் சந்நிதி என்று. "ஏட்டி, அது பட்டாளத்துக் கழுகு" என்றாய். சுவர் எழுப்பி நடுவில் உட்கார்த்தி வைத்தால் அது சந்நிதி இல்லாமல் வேறென்ன? நான் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கட்டையைத் தொடுவேன். வாசலை விட்டு நகரவும் மாட்டேன். நீயோ மஞ்சள் டாங்கியை எடுத்துக்கொண்டு மூலை மூலையாக வேட்டைக்குப் போய்விடுவாய். திரும்பி வருகிற அவசரத்தில் நீ சுட்ட குண்டு நேராகக் கருடன்மேல் விழும். ஆட்டம் முடிந்துபோகும்.

"ஏட்டி, கண்ணை எங்க வச்சிருக்க? சாமியவே சுட்டுட்டியே."

"சாமிக்கு என்னட்டி, அடுத்த ஆட்டத்துல முழுசா வந்து உக்காந்துக்கிடும்" என்பாய்.

உன்னோடு எதையும் காவல் காக்க முடியாது. ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைக் காப்பாற்றுகிற ஆட்டம் அது ஒன்றுதான். அதனால்தான் முதல் இடம். நீ அதற்கு மூன்றாவது இடம் கொடுத்தாய்.

இரண்டாவது, செங்கல். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். என் சமையலறை அலமாரியைப் பார்த்தவளுக்கு நான் ஏன் இதில் கெட்டிக்காரி என்று விளங்கும். வந்ததை வந்த நேரத்தில் வைத்துவிடுவேன். நீ ஓரத்தில் ஒரு பள்ளம் விட்டு வைத்து, "நீளக் கட்டை வரும் பாரு" என்று காத்திருப்பாய். வராது. கோபுரம் கூரையை முட்டும்வரை வராது. முட்டி ஆட்டம் முடிந்த பிறகு, அடுத்து வரவிருந்தது நீளக் கட்டை என்று ஓரத்தில் காட்டும். அதைக் காட்டி, "நான் சொன்னேம்லா" என்பாய். அந்த முகத்தை நினைத்தால் இன்னும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மூன்றாவது இடம் மோட்டார் சைக்கிளுக்கு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நீ மேட்டில் தாவும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் துள்ளி என் விலாவில் முழங்கையால் இடித்ததைத் தவிர.

நாலாவது வாத்து. பறக்கிற வாத்தைத் துப்பாக்கியால் சுடுவது. இதை வரிசையில் சேர்க்கவே கூடாது என்று பார்த்தேன். நீ துப்பாக்கியை டிவி கண்ணாடியோடு ஒட்டி வைத்துச் சுடுவாய். அது ஆட்டமா? சஷ்டி அன்று இதெல்லாம் நான் தொட மாட்டேன் என்று சொன்னதற்கு, "முருகன் கையில என்னத்தட்டி வச்சிருக்கான், பூச்செண்டா?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தோன்றியபோது நீ வேறு பேச்சுக்குப் போயிருந்தாய். சஷ்டிக்கு நான் வரமாட்டேன் என்றால் உன் முகம் அப்படித் தொங்கும். ஒரு ஆட்டத்துக்காக ஒருத்தி இப்படியா என்று எரிச்சல்படுவேன்.

கடைசி, சர்க்கஸ். உன் வரிசையில் முதலிடம் வாங்கிய சர்க்கஸ்.

ஒருத்தன் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து போவான். நெருப்பு வளையம் வரும், தாண்ட வேண்டும். நெருப்புச் சட்டி வரும், தாண்ட வேண்டும். திரும்ப வளையம். அவ்வளவுதான். விடாமல் ஒரே பாட்டு ஓடும். இரண்டு பேர் சேர்ந்து ஆடவும் முடியாது. ஒருத்தி சாகிறவரைக்கும் இன்னொருத்தி சும்மா இருக்க வேண்டும். இதைவிட மட்டமான ஆட்டம் அந்தப் பெட்டியில் கிடையாது. ஏன் இதற்கு முதலிடம் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "சிங்கம் அழகா இருக்குட்டி" என்பாய். மஞ்சளாக நாலு கட்டம், அதற்கு ஒரு வால். அழகாம்.

உன் முறை வந்தால் முதல் சட்டியிலேயே போய் விழுவாய். "போச்சு, ஒன் முறை" என்று கட்டையை என்னிடம் தள்ளிவிட்டுத் தரையில் சாய்வாய். நான் வளையம் வளையமாகத் தாண்டுவேன். "பாத்தியாட்டி?" என்றால் "பாத்தேன், பாத்தேன்" என்று குரல் வரும். ஒரு நாள் நான் இதுவரை போகாத தூரம் போயிருந்தேன். பெருமை தாங்காமல் திரும்பினால், நீ முந்தானையைக் கண்மேல் போட்டுக்கொண்டு வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறாய். என் சாதனைக்குச் சாட்சி இல்லை. கோபத்தில் கட்டையைப் பொத்தென்று வைத்தேன். சிங்கம் செத்தது, பாட்டு நின்றது.

பாட்டு நின்ற அந்த நொடியில் துணித்திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலிலிருந்து உன் மாமியார். "ஏளா, படுத்துட்டியா? வெளக்கு வைக்குத வீட்டுல மத்தியானம் கட்டையச் சாய்ச்சா வெளங்குமா?"

நீ துள்ளி எழுந்து உட்கார்ந்தாய். "இல்ல அத்தை, டிவி பாக்கேன்" என்றாய். கண்கூடத் திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படுத்த படுக்கையாய்க் கிடந்த அந்த அம்மா ராத்திரி முழுக்க உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். தண்ணி வரும் நேரம் விடியுமுன். பிறகு பில்டிங் முழுவதற்கும் நீ அரைத்துக் கொடுக்கும் இட்லி மாவு. மத்தியானம் ஒன்றுதான் மிச்சம், அதிலும் படுக்கக் கூடாது. பாட்டு ஓடுகிறவரை நீ விழித்திருக்கிறாய் என்று அவளுக்கு நினைப்பு. மற்ற ஆட்டங்களில் நீயும் கட்டையைப் பிடிக்க வேண்டும். சர்க்கஸில் வேண்டாம்.

நான் எதுவும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் சிங்கத்தை நான் லேசில் சாக விட்டதில்லை. சஷ்டியிலும் ஏறி வந்தேன். இந்த ஆட்டத்தில் யாரையும் சுடவில்லையே என்று முருகனிடம் கணக்குச் சொல்லிக்கொண்டேன். அவன் ஒத்துக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது.

ஆனால் உன்மேல் உள்ள எரிச்சல் போகவில்லை. என்னிடம் சொல்லாதது போகட்டும். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அவர் அம்மா காதுக்குப் போகும் என்று பயந்தாய், சரி. அவள் போய்ச் சேர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்த மனுஷன் வெறும் டிவியைப் பார்த்துக்கொண்டு, தான் செய்யாத கொலைக்குத் தண்டனை அனுபவிக்கிற மாதிரி விழித்துக் கிடக்கிறார்.

இன்று மத்தியானம் வரிசை எழுதிய தாளோடு மாடி ஏறினேன். செல்வி பெட்டியை டிவியில் மாட்டியிருந்தாள். அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். கண் இரண்டும் சிவந்து, தாடை உள்ளே போய், பட்டறையில் அத்தனை பேரை விரட்டி வேலை வாங்கிய ஆள்தானா என்று இருந்தது. தாளை வாங்கி மெல்ல வாசித்தார்.

"தங்கச்சி, இது அவ சொன்ன வரிசையா?"

நெற்றியில் விபூதி. பொய் சொல்ல வரவில்லை. "இல்ல அண்ணாச்சி. இது நான் போட்டது."

"அவளுக்கு எது மொதல்ல?"

"இதுல கடைசியா இருக்குலா, சர்க்கஸ். அதுதான்."

"அது அவ்வளவு நல்ல ஆட்டமா?"

"நாசமாப் போன ஆட்டம், அண்ணாச்சி."

செல்வி என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, சொல்லாமல் போனது உன் குற்றம், அந்தப் பாவம் என்னைப் பிடிக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

"அந்த ஆட்டம் ஆடும்போது அவ தூங்குவா" என்றேன்.

"யாரு?"

"ஒங்க வீட்டுக்காரிதான். இங்ஙன, இந்தத் தரையில. நான் வெளையாடுத நேரம் பூரா தூங்குவா."

"எங்கம்மா சத்தம் போடுவாளே."

"பாட்டு ஓடுத வரைக்கும் போட மாட்டாவ. முழிச்சிருக்கான்னு நினைச்சுக்கிடுவாவ."

அவர் தாளை மடித்தார், திரும்ப விரித்தார். "தெனமுமா?"

"தெனமும்."

"எவ்வளவு நேரம் தூங்குவா?"

"நான் சாகுத வரைக்கும்."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்புக்கா அழுகைக்கா என்று தெரியவில்லை. அண்ணாச்சி மட்டும் பட்டறையில் துணி விலை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார். "நீங்க நல்லா வெளையாடுவீயளோ?"

"அதை அவ ஒரு நாளும் பாத்ததில்லை. நல்லாவே வெளையாடுவேன்."

"வெளையாடுங்க, பாப்போம்."

நான் தரையில் உட்கார்ந்தேன். முன் மாதிரி மடக்கி உட்கார முடியவில்லை, முட்டி ஒத்துழைக்கவில்லை. செல்வி ஆட்டத்தை எடுத்து வைத்தாள், அந்தப் பாட்டு ஆரம்பித்தது. முதல் சட்டி. தாண்டினேன். வளையம், தாண்டினேன். விரல் கொஞ்சம் மரத்துப்போயிருந்தது, ஆனால் மறக்கவில்லை. நாலைந்து வளையத்துக்கு அப்புறம் ஓரக்கண்ணால் பார்த்தேன். இந்தக் குடும்பத்தில் ஒரு ஆளாவது என் ஆட்டத்தைப் பார்க்கிறாரே என்று ஒரு சந்தோஷம் எனக்கு. அவர் டிவியைப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து, எனக்குப் பக்கத்தில், நீ படுக்கிற இடத்தில், வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, டிவியைப் பாருங்க. சித்தி செம்மையா ஆடறாங்க, ஏக் தம் சூப்பர்..." என்றாள் செல்வி.

"சத்தம் போடாத" என்றார் அவர், மிகவும் மெல்ல.

அவள் கால் நுனியில் நடந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். நானும் மூச்சைச் சின்னதாக விட்டுக்கொண்டேன்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். என் வரிசையை நான் மாற்றவில்லை. சர்க்கஸ் அதில் கடைசிதான், நீ எங்கிருந்து சண்டைக்கு வந்தாலும் கடைசிதான். அது மட்டமான ஆட்டம். ஆனால் பாட்டு நின்றுவிடக் கூடாதே என்கிற பதைப்பு இன்னும் என் கட்டைவிரலில் அப்படியே இருக்கிறது. வளையம் வந்துகொண்டே இருந்தது. என்னால் முடிந்த மட்டும் சிங்கத்தை ஓட்டினேன்.