அளக்காமல் எழுதிய அங்குலங்கள்

என் பிரியமுள்ள அண்ணே,

நீங்கள் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வாயால் நீங்கள் கேட்டதில்லையே.

ஐம்பதுகளின் கடைசி அது. சிவகாசி அச்சாபீசில் லேபிள் அடித்துக்கொண்டிருந்த உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. போய்விட்டது என்றுதான் நினைத்தோம். இரண்டு வருஷம் கழித்து வயிறு வீங்கியது. ஒரு சொட்டுக் குடித்தவரில்லை நீங்கள். "ஈரல் சுருங்கிப்போச்சு. வயித்துல நீர் கோத்திருக்கு" என்றார் மதுரை டாக்டர்.

நீர் பிரிய வாரம் இரண்டு ஊசி, உப்பில்லாத சாப்பாடு. ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க நம்மிடம் இருந்தது ஓர் இஞ்சு டேப்புதான். தினமும் காலையில் தொப்புளுக்கு நேரே சுற்றி அளந்து எழுத வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அந்தத் தாளைத் தபாலில் அனுப்ப வேண்டும். குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுவதாகச் சொன்னார்.

"நான் அளக்கேன் சார்" என்று முந்திக்கொண்டவன் நான்.

ஒன்பது நாள் ஒழுங்காக அளந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தேழே முக்கால் என்று மெல்ல இறங்கியது. அதற்குள் தீபாவளி சீசன். விஸ்வநத்தத்தில் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் லோடு மேல் லோடு. ஒரு நாள் அளக்காமல் ஓடினேன். அப்புறம் அதுவே வழக்கமானது. தபாலில் போடும் நாளன்று கம்பெனி மேஜையில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நானே எழுதினேன்.

"ஏலே, இன்னைக்கி அளக்கலயா?" என்று கேட்டீர்கள்.

"நீங்க தூங்கும்போதே அளந்துட்டேண்ணே."

டாக்டரின் பதில் வந்தது. மருந்து நன்றாகக் கேட்கிறது, இதையே தொடருங்கள், தீபாவளி முடிந்து வாருங்கள். அந்தக் கடுதாசியைப் படித்தபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த தாளையும் அப்படியே எழுதி அனுப்பினேன்.

மதினிக்குத்தான் சந்தேகம். "தம்பி, அவுகளுக்கு வேட்டி சுத்து எட்ட மாட்டேங்குது. நீங்க குறையுதுங்கீக?"

நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "டாக்டரே எழுதிட்டாரு. தம்பி அளந்தது தப்பா இருக்குமா?"

தீபாவளி கழிந்து மதுரைக்குப் போனோம். டாக்டர் தன் கையாலேயே அளந்தார். நாற்பத்திரண்டு. என் தாளில் கடைசியாக முப்பத்து நாலு. தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு அளந்தது?"

மூச்சு வாங்கப் படுத்திருந்த நீங்கள்தான் பேசினீர்கள்: "டேப்பு பழசு சார். இழுத்தா நீண்டுக்கிடும்."

அவர் நம்பவில்லை. "ஒரு மாசம் முந்தித் தெரிஞ்சிருந்தா மருந்தை மாத்திப் பாத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

தை பிறப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். மாற்றியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? தெரியாது. தெரியாமலே போனதற்குக் காரணம் நான். எப்போது கண்டுபிடித்தீர்கள், அண்ணே? காலையில் கண்ணை மூடிக்கொண்டு என் கைக்காகக் காத்துக் கிடந்தீர்களா?

உங்கள் மகள் ராணிக்கும் இப்போது ஈரலில் அதே நோய். பதறாதீர்கள். போன வாரம் ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சில்லென்று ஏதோ பசையைத் தடவி, வயிற்றின் மேல் ஒரு கருவியை நகர்த்தினார்கள். திரையில் கறுப்பாகத் தெரிவதுதான் நீராம். "போன தடவைக்கு இது பாதிதான். மருந்து நல்லா கேக்குது" என்றார் அந்த டாக்டரம்மா. பொய் எழுத அங்கே எவனுக்கும் இடமில்லை.

வெளியே வந்ததும் ராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு ஒரு நா விடாம அளந்தீகளாமே சித்தப்பா. அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி அழுவாக."

அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போகிறேன். மதினியையும் ராணியையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். டேப்பு பழசு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மதினி வாசலைக் காட்டினால் பேசாமல் எழுந்து வருவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் காட்டிக்கொடுக்காத தம்பி,
சுந்தரம்