சொட்ட வேண்டிய ஏழாவது இணைப்பு

10.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று, மார்ச் 9, ஞாயிறு, காலை 11.40. எங்கள் அறிவியல் மையத்தில் சீட்டு வாங்கி உள்ளே இருந்தவர்கள் 214 பேர். அதில் நீங்கள், அம்மா, தங்கை மூவர். அதற்குப் பிறகு பதினோரு முறை போன் அடித்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான் வடிவமைத்த குழாய் மேசையில் பன்னிரண்டு இணைப்புகள். ஏழாவது சொட்ட வேண்டும். வேண்டுமென்றே அப்படிச் செய்தது. மீட்டர்களைப் பார்த்து, எது கசிகிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். நான் திரும்புவதற்குள் நீங்கள் சட்டைப் பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து, நாலே நிமிடத்தில் அதை அடைத்துவிட்டீர்கள். குடும்பத்தோடு ஊர்சுற்றக் கிளம்பும்போது எந்த பிளம்பராவது டேப்போடு வருவாரா? திரும்பச் சொட்டவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. வரிசை வாசல்வரை போய்விட்டது.

"கையை எடுங்க!" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அதற்காகச் சாப்பிடாமல்கூட எல்லாரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவதா? 23ஆம் தேதி அதே மேசைக்கு எனக்குப் பரிசு தருகிறார்கள். வருவீர்கள்தானே? போனை எடுங்கள்.

உங்கள் மகன்

14.3.2025

அன்பு மகனுக்கு,

எல்லாரும் சுகம். போன் எடுக்காதது தப்புதான். எடுத்தால் நீயே பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

கத்தியதற்கெல்லாம் கோபம் இல்லை. நான் வேலைக்குப் போகிற இடத்தில் வாங்காத கத்தலா? முப்பத்தொரு வருஷமாகத் தண்ணீர் சொட்டினால் என் கை தானாகப் போய்விடும். கண்ணாடியை வேறு வீட்டில் வைத்துவிட்டேன். 'தொட்டுப் பாருங்கள்' என்று பெரிதாக எழுதியிருந்தது மட்டும் தெரிந்தது. தொட்டேன்.

அப்புறம் உன் மேனேஜர் அம்மா வந்து, "யாருங்க இவரு?" என்று கேட்டாரே. நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். "யாரோ விசிட்டர், மேடம்" என்றாய். உன் கடிதத்தில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. இது மட்டும் இல்லை.

தங்கை காதிலும் விழுந்துவிட்டது. பஸ்ஸில், "அப்பா, அப்ப அண்ணனுக்கு நாம யாரு?" என்று கேட்டாள். "பேசாம வாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அம்மா 23ஆம் தேதிக்குப் புடவை எடுத்து வைத்துவிட்டாள். எனக்குத்தான் விசிட்டராக வர இஷ்டமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

17.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கசிவு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். மற்றது முழுக்க என் தப்பு.

அதை எழுத மறக்கவில்லை. எழுதக் கை வரவில்லை. பரிசு கிடைக்கப்போகிற நேரம், மேடம் எதிரே நிற்கிறார், உங்கள் கையில் டேப். வெட்கமாக இருந்தது. பூசி மெழுகினால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் உள்ளபடியே எழுதுகிறேன்.

இன்று காலை 9.10க்கு மேடத்திடம் போனேன். "அன்னிக்குக் குழாயை அடைச்சவர் என் அப்பா, மேடம்" என்றேன். "அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?" என்றார்.

இனி நான் செய்யப்போவது:

1. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். போனைத்தான் எடுக்கவில்லை, கதவையாவது திறங்கள்.

2. தங்கை கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்வேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

3. விழாவுக்கு அம்மா இஸ்திரி போட்டுத் தரும் சட்டையை மறுபேச்சு இல்லாமல் போட்டுக்கொள்வேன்.

4. ஞாயிறு மேடையில் மைக்கைக் கொடுத்ததும், "முன் வரிசையில இருக்கிறவர் என் அப்பா, பிளம்பர்" என்பேன். நீங்கள் வராவிட்டால், காலி நாற்காலியைக் காட்டி அதையே சொல்வேன்.

உங்கள் மகன்