வன்னிச்சியின் ஓம்

என் பூமணி மச்சாளுக்கு, ஒரு நாளாவது என்னைச் சிரிக்க வைக்காமல் வேலைக்குள் விடாத கள்ளிக்கு,

நீ போய் ஏழு மாதம். சுகமா என்று கேட்கமாட்டேன். உனக்கென்ன, முழங்கால் நோவும் இல்லை, வாசலில் ஸ்னோ வழிக்கிற வேலையும் இல்லை. என் சுகத்தைச் சொல்கிறேன், கேள். வயிறு பற்றி எரிகிறது. உன் நாடகத்தைக் கெடுத்துப்போட்டார்கள். அதற்குள் நானும் நின்றேன், கையில் அட்டை வாளோடு.

இது பேப்பரில் வரப்போகிற கடிதம். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி, அது உனக்குத் தெரியும். எழுத்துப் பிழைகளைத் தான் திருத்துவதாக ஆசிரியர் சொன்னார். திருத்தட்டும். ஒரே ஒரு சொல்லில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும்.

உன்னை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். நீ என் புருசனின் அக்கா. கனடாவில், மிசிசாகாவில், விமானத்துக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில் பதினொரு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்றவள். நீ தட்டில் பாண் வைப்பாய், நான் பட்டர் வைப்பேன். சுப்பவைசர் வந்து இன்னும் கொஞ்சம் கெதியாகச் செய்யச் சொல்லுவான். நீ பெரிதாகத் தலையை ஆட்டி, எங்கள் ஊர் ஓமை இங்கிலீசில், "யெஸ், யெஸ்" என்பாய். கை முந்தின வேகத்திலேயே போகும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "எடி மச்சாள், உவனுக்கு எந்த நாளும் யெஸ் சொல்லுறாய். ஒரு நாளும் செய்யிறேல்லையே?"

"நான் வன்னிச்சியடி. உது ரத்தத்திலை கிடக்கு" என்றாய்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் முழுக் கதையும் சொன்னாய். நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள், வன்னி சரித்திரத்தை மிசிசாகாவில் சம்பல் பாணோடு கேட்டேன். வடக்கே யாழ்ப்பாணத்து அரசன், தெற்கே சிங்கள அரசன், நடுவிலே காட்டுக்குள் எங்கள் சின்னச் சின்னத் தலைவர்கள். ஆண் ஆண்டால் வன்னியன், பெண் ஆண்டால் வன்னிச்சி. பிறகு கடலால் போர்த்துக்கீசப் பறங்கி வந்தான். கரையைப் பிடித்தான், யாழ்ப்பாணத்தைப் பிடித்தான், அங்கே கோட்டையில் இருந்துகொண்டு காட்டுக்குள் ஆள் அனுப்பினான். வருடா வருடம் திறையாக யானை வேண்டுமாம். அவனிடம் துவக்கு இருக்கிறது. மாட்டேன் என்றால் ஊர் எரியும். அனுப்பினால் காடு வெறுமையாகும்.

"அப்ப என்ன செய்தவை?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னவை. சொல்லிப்போட்டு அனுப்பாமல் இருந்தவை."

திறையை இழுத்தடித்தது உண்மைச் சரித்திரம், வன்னிச்சி மட்டும் உன் கற்பனை என்றாய். அவளை வைத்து நீலக் கொப்பியில் நாடகம் எழுதினாய். ஏழு வருடம் தூதன் வருகிறான். ஏழு முறையும் அவள் சொல்வது ஓம் மட்டும்தான். முதல் ஓம் மரியாதை. அந்த வருடம் மழை, பாதை இல்லை. மூன்றாவது ஓம் கொஞ்சம் அழுகை. அந்த வருடம் ஒரு யானையை அனுப்புகிறாள், அது கொம்பில்லாத அலியன், அதற்கு ஒரு கண்ணும் தெரியாது, பாதி வழியில் தானாகவே திரும்பி வந்துவிடும். ஏழாவது முறை தூதன் கிழவனாகி வந்து, "யானை எப்போது வரும்?" என்று கேட்பான். அவள் அவனுக்கு மோர் கொடுத்து, "ஓம்" என்பாள். திரை. அவ்வளவுதான். வன்னிச்சி நான், தூதன் உன் தம்பி. வீட்டில் வாய் திறக்காத மனுசனை வசனம் பேச வைத்தாயே, அதற்கே உனக்குக் கோயில் கட்டலாம்.

நீ போன பிறகு ஊர்ச் சங்கம் உன் நினைவாக நாடகத்தைப் போடுவோம் என்றது. சந்தோசப்பட்டேன், மடைச்சி. வோபர்னில் சங்கத் தலைவர் அண்ணையின் வீட்டு பேஸ்மென்றில் ஒத்திகை. கொப்பியை நான் வாசித்துக் காட்டி முடித்ததும் அவர் தாடையைத் தடவினார்.

"தங்கச்சி, ஓம் எண்டு சொல்லிப்போட்டு நாடகம் முடிஞ்சால் சனம் என்னெண்டு கை தட்டும்?"

"தட்டாட்டில் என்ன அண்ணை. வீட்டை போய் யோசிக்கட்டும்."

"இல்லை, இல்லை. எங்கடை பிள்ளையளுக்கு வீரத்தைக் காட்டவேணும். அவள் வாளை உருவி, முடியாது எண்டு முழங்கி, அந்த இடத்திலையே சாகவேணும்."

"செத்தால் அடுத்த வருசம் யானை குடுக்காமல் விடுறது ஆர் அண்ணை?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். சிரித்துக்கொண்டே இரண்டு பக்க வசனத்தை என் கையில் வைத்தார். "இதைப் பாடமாக்குங்கோ."

நான் என்ன சொன்னேன்? "ஓம் அண்ணை" என்றேன். ஒரு வரிகூடப் பாடமாக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் கேட்பார், ஒவ்வொரு கிழமையும் ஓம். மேடையில் உன் முடிவையே செய்துவிடுவது என்று உன் தம்பியோடு பேசி வைத்திருந்தேன்.

ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், கதிரை எல்லாம் நிறைந்த சனம். கடைசிக் காட்சி. உன் தம்பி பஞ்சுத் தாடியோடு வந்து கேட்டார். நான் அவரை மேலும் கீழும் பார்த்து, உன்னைப்போலவே தலையை ஆட்டி, "ஓம்" என்றேன்.

முன் வரிசையில் ஒரு மனுசி, "ஐயோ, எங்கடை மாமி மாதிரியே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பின் வரிசைக்குப் போகத் தொடங்கியது, மச்சாள். போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஸ்பீக்கரில், "முடியாது!" என்று ஒரு இடி. தலைவர் அண்ணையின் குரல். மனுசன் அந்த இரண்டு பக்க வசனத்தையும் தானே பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்! நான் பாடமாக்கமாட்டேன் என்று அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. நான் அட்டை வாளோடு வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், எனக்குள்ளிருந்து மீசை வைத்த குரல் வருகிறது. பக்கத்தால் புகை விட்டார்கள். உன் தம்பி பயந்துபோய், அந்த இரண்டு பக்கத்தில் இருந்தபடியே என்னைக் குத்தினார், தாடி கழன்று என் காலடியில் விழுந்தது. நான் சாகவேண்டி வந்தது. தாடிக்கு மேலே விழுந்து செத்தேன்.

சனம் எழுந்து நின்று கை தட்டியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சிரிப்பு பாதி வழியில் நின்று போனதை ஒருவரும் கவனிக்கவில்லையே!

உன் மகள் பிருந்தா மேடைக்குப் பின்னால் வந்தாள். "மாமி, நீங்கள் ஸோ குட். ஆனால் அந்த வொய்ஸ்? அம்மா உப்பிடி எழுதேல்லை. ஐ நோ." சொல்லிவிட்டு அழுதாள். நான் பகிடி விட்டுச் சமாளிக்கப் பார்த்தேன். பகிடி வரவில்லை. எனக்கு! யோசித்துப் பார்.

இப்போது கேள், இன்னும் இருக்கிறது. சங்கம் வருட மலர் போடுகிறது. உன் நாடகத்தை அந்தப் புது முடிவோடு, உன் பெயரிலேயே அச்சடிக்கப் போகிறார்களாம். "பூமணியின்ரை படத்தையும் முழுப் பக்கத்துக்குப் போடுவம், கொப்பியைத் தாங்கோ" என்றார் தலைவர் அண்ணை. கெட்ட மனுசன் இல்லை அவர். உன் செத்த வீட்டில் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்கியவர். அதனால்தான் சண்டை பிடிக்கவும் முடியவில்லை. அன்பாகவே விழுங்குகிறவரை என்ன செய்வது?

"ஓம் அண்ணை, கொண்டு வாறன்" என்றேன்.

முதல் கிழமை கார் பழுது, கராஜில். அடுத்த கிழமை எனக்குத் தடிமன், மூக்கால் ஓடுகிறது. மூன்றாவது கிழமை நீலக் கொப்பி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. "தங்கச்சி, உதிலை மிளகாய்த்தூள் இடிக்கிற பக்குவமெல்லோ கிடக்கு!"

போனை வைத்த பிறகுதான் எனக்கே விளங்கியது. கொம்பில்லாத அலியனை அனுப்பியிருக்கிறேன்.

அவர் இதையும் வாசிப்பார். வாசிக்கட்டும். அவர் மலர் வருவதற்கு முன், உன் முடிவு இந்தப் பேப்பரில் வந்துவிட்டது. இனி ஊருக்கே தெரியும், வன்னிச்சி சாகவில்லை.

ஆனால் மச்சாள், என்னை அரிப்பது அது இல்லை. ஆஸ்பத்திரியில் உன் கடைசிக் கிழமை. "முடிவை மட்டும் மாத்த விடாதையடி" என்றாய். நான் ஓம் என்றேன். நீ ஒற்றைக் கண்ணால் பார்த்து, "எந்த ஓம்?" என்று கேட்டாய். எனக்கு வாய் சும்மா கிடக்காதே. "வன்னிச்சி ஓம்தான், வேறென்ன" என்றேன். இருமல் வரும்வரை சிரித்தாய். பிறகு நாங்கள் ஒழுங்காகப் பேசக் கிடைக்கவில்லை.

பகிடி என்று தெரிந்துகொண்டுதானே போனாய்? இல்லை, இவள் செய்யமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனாயா?

உன் கொப்பியில் ஏழு ஓம். ஏழிலும் யானை வரவில்லை. இது எட்டாவது. உன் முடிவோடு, ஸ்பீக்கர் இல்லாமல், ஒரு நாள் இதை மேடையேற்றுவேன். மண்டபம் கிடைக்காவிட்டால் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் நின்று நடிப்பேன். உன் தம்பி தாடியைத் தைத்து வைத்திருக்கிறார். இந்த யானை வரும், மச்சாள்.

ஓம்.

இப்படிக்கு,
உனக்கு மட்டும் பொய் ஓம் சொல்லாத
உன் தம்பி பெண்சாதி, மச்சாள் தவம்