மண்டையோடு சுரண்டிய குக்கிகள்

1992 ஒக்டோபர் 29, வியாழன் இரவு

இதை யார் கண்டெடுத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அம்மாவிடம் மட்டும் காட்டவேண்டாம்.

நாளை வகுப்பில் ஹலோவீன் விருந்து, எல்லாரும் பேய் வேஷம். சொக்லேற் குக்கி கொண்டுவருவதாக நான்தான் கை உயர்த்தினேன். அம்மா வேலையால் வருமுன் சுட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளை ஐசிங்கால் மண்டையோடு கீறினேன். பல் கீறத்தான் நேரம் போனது.

"கந்தசஷ்டி நேரம் வீட்டுக்குள்ள மண்டையோடோ?" என்று அம்மா கத்தியால் எல்லா முகத்தையும் சுரண்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சஷ்டி விரதம் பிடிக்கிற செல்வி அன்ரி கோயிலால் வந்தபோது, தேத்தண்ணியோடு அதையே தட்டில் வைத்தார்.

"மரக்கறிதானே, விரதத்துக்குச் சாப்பிடலாம்தானே?" என்று அன்ரி கேட்டார்.

"ஓம் அக்கா, வெறும் சொக்லேற். பிள்ளை செய்தது."

அன்ரி நான்கு சாப்பிட்டார். மிச்சத்தையும் அம்மா பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். நாளை நான் வெறுங்கையோடு போகவேண்டும். யாரைக் கேட்டு என் குக்கியைக் கொடுத்தார்? கேட்டிருந்தால், பக்கத்து வீட்டில் வாங்கிய இரண்டு முட்டை அதற்குள் இருக்கிறது என்று சொல்லியிருப்பேனே! இப்போது சொன்னால் தோலை உரித்துவிடுவார்.

ரெலிபோன் அடிக்கிறது. அம்மா சிரித்துச் சிரித்துக் கதைக்கிறார். இப்போது என் கதவைத் தட்டுகிறார்.

"பிள்ளை, திற. செல்வி அக்கா போனில நிக்கிறா. உதுக்குள்ள என்னென்ன போட்டனி எண்டு கேக்கிறா."